அறுத்துக் கொடுக்கும் நாள்

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் பாண்டவதூதப் பெருமாள் கோயில் இருக்கிறது. நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் திருப்பாடகம் என்ற பெயரால் எண்ணப்படும் இத்தலத்தில் கண்ணன் சுமார் 25 அடி உயரத்தில் அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார். பகடையில் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் வைத்துத் தோற்ற பாண்டவர்களுக்காகத் தூது சென்றவரை வீழ்த்த, நிலவறை ஒன்றை வெட்டி, அதன்மேல் ஆசனம் போட்டு மூடி வைத்திருந்தான் துரியோதனன் என்றும், ஆசனம் சரிந்தபோது கண்ணன் பேருருவம் எடுத்து எழுந்தார் என்றும் தலபுராணம் சொல்லும். ஒரு சூதாட்டத்தின் விளைவுகளைச் சரிசெய்யப் போன தூதையே மூலவராகக் கொண்ட கோயில் அது.

இந்த வட்டாரம் அக்கதையைத் தொடர்ந்து கேட்டு வந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, காஞ்சிக்கு அருகிலுள்ள கூரத்தின் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கியதைப் பதிவு செய்கிறது. சுற்றுப்புற ஊர்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும்போது ‘பகடை துகில்’ என்னும் கூத்து இன்றும் விடிய விடிய ஆடப்படுகிறது. இக்கதையில் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சூதுக்காகத் தனியே ஒரு மண்டபம் கட்டப்பட்டது, ஆடுவோர் தூதனுப்பி அழைக்கப்பட்டார்கள், அவையோர் பார்த்திருக்க ஆட்டம் தொடங்கியது, அவர்கள் முன்னிலையிலேயே முடிந்தது. சூதுக்கு ஒரு வாசல் இருந்தது. அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த வாசல் கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் படிப்படியாக எப்படி இல்லாமற்போனது என்பதும், அது இல்லாதபோது மனித மூளை என்ன செய்கிறது என்பதும் இந்த அத்தியாயத்தின் பொருள்.

பந்தயம் என்பதற்கு மூன்று உறுப்புகள் உண்டு: முன்கூட்டியே வைக்கும் பணயம், முழுவதும் கணிக்க முடியாத ஒரு முடிவு, அம்முடிவைப் பொறுத்துக் கிடைக்கும் பரிசு. கைபேசிச் செயலியில் விளையாடும் ரம்மியும், கிரிக்கெட் போட்டியின் அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்று பணம் கட்டுவதும், சிவப்பா பச்சையா என்று ஊகிக்கும் நிறவிளையாட்டும் தோற்றத்தில் வேறுபட்டாலும் இந்த மூன்று உறுப்புகளால் ஆனவை. விதிவிலக்காகக் கருதப்பட்ட ஒரு செயல், யாரும் நின்று பார்க்காத அன்றாடச் செயலாக மாறுவதைச் சமூக அறிவியலார் இயல்பாக்கம் என்பர். “பெட் கட்டுகிறான்” என்று தணிந்த குரலில் சொல்லப்பட்டது, டீக்கடையில் டீயோடு சேர்த்துப் பேசப்படும் பேச்சாக மாறியதே இத்துறையில் நிகழ்ந்த இயல்பாக்கம். இதை மக்களின் ஒழுக்கம் குலைந்ததாகச் சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் அந்த விளக்கம், முந்தைய தலைமுறைக்கு இல்லாத பேராசை இந்தத் தலைமுறைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தராது. மாறியிருப்பது ஆசையின் அளவைவிட, ஆசைக்கும் செயலுக்கும் இடையே இருந்த இடைவெளி.

இடைவெளி என்பதன் பொருளை விளக்கப் பட்டுத்தறியைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி மிதிப்பலகையை மிதிக்கும்போது பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிய, அந்தப் பிளவுக்குள் நாடா ஓடி ஊடை இழையை விட்டுச் செல்கிறது. பலகையை இழுத்து அடித்தால் இழை தன் இடத்தில் சென்று நெருங்கி அமர்கிறது. கோர்வைச் சேலையாயின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருப்பதால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், பக்கத்தில் துணைக்கு ஒருவர் இருந்து கரை நாடாவைக் கோத்துக் கொடுக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான முறை செய்த பிறகு, வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு வாரத்திலோ மூன்று வாரத்திலோ, சேலை தறியிலிருந்து அறுக்கப்படுகிறது. அறுத்துக் கொடுக்கும் அந்த நாளில் சங்கத்திலோ முதலாளியிடமோ சேலையை எடை போட்டு, பழுது பார்த்து, கூலி கொடுக்கிறார்கள். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு கூலி என்பது முன்பே தெரிந்தது. எந்த நாடா ஓட்டத்தில் கூலி வரும் என்பதும் தெரிந்தது.

உளவியலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட பெருநூல், பொத்தானைக் கொத்தும் புறாக்களுக்கு எந்த முறையில் தீனி கொடுத்தால் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வகைப்படுத்தியது. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கொத்தல்களுக்கு ஒருமுறை தீனி என்பது நிலைவீத வெகுமதி. சராசரி ஒன்றாக இருந்தாலும் எந்தக் கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாதபடி கலைத்துக் கொடுப்பது மாறுவீத வெகுமதி. இரண்டிலும் புறாக்கள் சுறுசுறுப்பாகவே கொத்தின. ஆனால் நிலைவீதத்தில் பழகியவை தீனி கிடைத்ததும் சற்று நேரம் ஓய்ந்திருந்து, பிறகு தொடங்கின. மாறுவீதத்தில் பழகியவற்றிடம் அந்த ஓய்வு அநேகமாக இல்லை, ஏனெனில் அடுத்த கொத்தலே தீனியாக இருக்கக்கூடும். தீனி அடியோடு நிறுத்தப்பட்ட பின்பும் மாறுவீதப் புறாக்களே நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தன.

நெசவாளரைப் புறாவோடு ஒப்பிடுவது இதன் நோக்கமன்று. கைத்தொழிலின் அமைப்பிலேயே ஓர் ஓய்வு பின்னப்பட்டிருக்கிறது என்பதே இங்கு முக்கியம். சேலை அறுத்த நாளில் நெசவாளர் குழியை விட்டு எழுகிறார். கூலியை வீட்டில் கொடுக்கிறார். கடன் கணக்குப் பார்க்கிறார். பாவு தீர்ந்திருந்தால் அடுத்த பாவைப் பிணைக்க ஆள் பார்க்கிறார். நின்று கணக்குப் பார்ப்பதற்கான இடம் தொழிலாலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. பந்தயச் செயலி மாறுவீதத்தில் இயங்குவது. அங்கே அறுத்துக் கொடுக்கும் நாள் என்று ஒன்று கிடையாது.

மாறுவீதம் ஏன் இவ்வளவு வலியது என்பதற்கு நரம்பியல் விடை 1990களில் தெளிவாயிற்று. நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைப் பதிவுசெய்து, பழச்சாறு கிடைக்கும்போது அவை எப்படித் துடிக்கின்றன என்று பார்த்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அணுக்கள் வேகமாகத் துடித்தன. விளக்கு எரிந்ததும் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு நகர்ந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே இவ்வணுக்கள் அறிவிக்கின்றன என்ற கருத்தை அவரும் பீட்டர் தயான், ரீட் மான்டேகு ஆகியோரும் 1997இல் முன்வைத்தனர். இதற்கு எதிர்பார்ப்புப் பிழை என்று பெயர். 2003இல் ஷுல்ட்ஸின் ஆய்வகமே மேலும் ஒன்றைக் கண்டது: சாறு வருமா வராதா என்பது சரிபாதியாக இருக்கும்போது, விளக்குக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் டோபமைன் அணுக்களின் செயல்பாடு மெல்ல உயர்ந்து உச்சத்தை அடைந்தது. உறுதியான பரிசுக்கு அந்த ஏற்றம் இல்லை, உறுதியான ஏமாற்றத்துக்கும் இல்லை. பந்து வீசுபவர் ஓடி வரும் அந்தச் சில நொடிகளில் பணம் கட்டியவருக்கு உண்டாகும் கிளர்ச்சி, வெற்றிக்கு முந்தியே பிறந்துவிடுகிறது என்பதை இந்தக் கண்டுபிடிப்பு விளக்குகிறது.

நூலிழையில் தவறுவதும் இதே வகையைச் சேர்ந்தது. லூக் கிளார்க்கும் உடனாய்வாளர்களும் 2009இல் கேம்பிரிட்ஜில் நடத்திய மூளைப்பட ஆய்வில், சுழல்சக்கர ஆட்டத்தில் பரிசுக்கு ஒரு கட்டம் தள்ளி நின்ற தோல்விகள், முழுத் தோல்விகளைவிட மூளையின் வெகுமதிப் பகுதிகளை அதிகமாகத் தூண்டின. ஆடியவர்கள் அத்தோல்வியை விரும்பவில்லை. ஆனால் தாமே சக்கரத்தை இயக்கியபோது மறுபடி ஆடும் விருப்பம் அவர்களிடம் கூடியிருந்தது. தொழிலில் இவ்வியல்பு நன்மை தரும், ஏனெனில் புட்டா என்னும் பூவேலையில் ஓர் இழை தவறினால் அடுத்த முறை சரியாக வரும் என்ற எதிர்பார்ப்பு அங்கே நியாயமானது. தவறு திறமைக்குப் பாடமாகிறது. தற்செயலால் இயங்கும் ஆட்டத்திலோ நூலிழையில் தவறியது எதையும் கற்பிப்பதில்லை. கற்றுக்கொள்வதற்காக அமைந்த ஓர் உறுப்பு, கற்க ஒன்றுமில்லாத இடத்தில் வீணாக உழைக்கிறது.

மேற்சொன்னவை சூதாட்டம் தோன்றிய நாள் முதலே மனிதரிடம் இருந்தவை. புதியது வேகம். பணயம் வைப்பதற்கும் முடிவு தெரிவதற்கும் இடைப்பட்ட நேரமே ஒரு சூதாட்டத்தின் தீங்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இத்துறை ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் முடிவு. தமிழ்நாட்டின் அண்மை வரலாறு இதை வரிசையாகக் காட்டுகிறது.

குதிரைப் பந்தயத்துக்குக் காஞ்சிபுரத்துக்காரர் சுமார் 70 கிலோமீட்டர் கடந்து கிண்டிக்குப் போக வேண்டியிருந்தது, அதுவும் பந்தயம் நடக்கும் நாளில். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதலமைச்சராக இருந்த 1968இல் தமிழக அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியபோது, வளர்ச்சிப் பணிகளுக்கு நிதி திரட்டும் எண்ணம் அதன் பின்னே இருந்தது. குலுக்கல் நாள் வரை காத்திருப்பதே அந்தச் சீட்டின் இயல்பு. காலப்போக்கில் தனியார் முகவர்களும் பிற மாநிலச் சீட்டுகளும் பெருகி, 1990களில் ஒரு நம்பர் லாட்டரியும் சுரண்டல் லாட்டரியும் தெருக்கடைக்கு வந்தபோது காத்திருப்பு நாள்களிலிருந்து மணிகளுக்கும், நிமிடங்களுக்கும் சுருங்கிற்று. குடும்பங்கள் அழிவதைக் கண்ட அரசு 2003 ஜனவரியில் லாட்டரி விற்பனையைத் தடை செய்தது. இன்றும் வட மாவட்டங்களில் காவல்துறைச் செய்திகளில் அடிபடும் ‘காட்டன் சூதாட்டம்’ நெசவூருக்கு இன்னும் நெருங்கிய பெயருடையது: நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க, முடிவு விலைகள் தந்திவழி பம்பாய்க்கு வர, அந்த எண்களின்மேல் பணம் கட்டும் பழக்கம் அங்கே வேரூன்றிற்று, 1960களின் தொடக்கத்தில் அவ்விலைகள் வருவது நின்றபின் எண் எழுதிய சீட்டுகளைப் பானையிலிருந்து எடுக்கும் மட்கா உருவாயிற்று. பருத்தி மறைந்தது, பெயர் மட்டும் நின்றது.

வேகத்தின் விளைவைக் கணக்கிட்டே காட்டலாம். சம வாய்ப்புள்ள ஒரு பந்தயத்தில் 100 ரூபாய் கட்டி வென்றால் 190 ரூபாய் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். நியாயமான ஆட்டமானால் 200 திரும்ப வேண்டும். குறையும் 10 ரூபாயால், வெற்றியும் தோல்வியும் மாறி மாறி வரும்போது ஒவ்வொரு 100 ரூபாய்ப் பணயத்துக்கும் சராசரியாக 5 ரூபாய் நடத்துபவரிடம் சேர்கிறது. நூற்றுக்கு ஐந்து என்பது பெரிய கமிஷனாகத் தோன்றாது. ஆனால் 1,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, கையில் இருப்பதை முழுவதும் மீண்டும் மீண்டும் சுற்றில் விட்டால், சராசரிக் கணக்கில் 14ஆம் சுற்றில் அது பாதிக்குக் கீழே வந்துவிடும். 45ஆம் சுற்றில் 100 ரூபாய்க்கும் கீழே போய்விடும். வாரம் ஒரு குலுக்கல் என்றால் 45 சுற்றுக்குப் பத்து மாதம் ஆகும். அதற்குள் வீட்டில் ஒருவர் கேட்பார், ஆடுபவருக்கே சலிப்பு வரும், திருவிழா வரும், வேலை வரும். பந்துக்குப் பந்து கட்டினால் 45 சுற்று என்பது ஏழரை ஓவர். 30 நொடிக்கு ஒருமுறை முடிவு வரும் நிறவிளையாட்டில் அது 23 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கமிஷன் விகிதம் மூன்றிலும் ஒன்றே.

அந்த நிறவிளையாட்டைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். திரையின் மேற்பகுதியில் நொடிகள் இறங்குகின்றன; கீழே பச்சை, சிவப்பு என்று பொத்தான்கள்; அவற்றுக்கும் கீழே கடந்த சுற்றுகளில் வந்த நிறங்கள் மணிகோத்தாற்போல் வரிசையாகக் காட்டப்படுகின்றன. சுற்றுக்குச் சுற்று தொடர்பில்லாத தற்செயலான ஓர் ஆட்டத்தில் அந்த வரிசைக்குப் பொருளே இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட மனையில் சுழல்மேசையின் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பில் விழ, இனிச் சிவப்புத்தான் என்று ஒவ்வொரு முறையும் பணத்தைப் பெருக்கி வைத்தவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். முந்தைய முடிவுகள் அடுத்த முடிவை இழுக்கும் என்று எண்ணும் இந்த மயக்கத்தை ஆய்வாளர்கள் சூதாடியின் பிழை என்பர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பாடநூலுக்குப் போய்விட்ட பிழையைத் தூண்டுவதற்காகவே அந்த வண்ண வரிசை திரையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கருதுவதற்கு இடமுண்டு.

பணத்தின் வடிவமும் மாறிவிட்டது. 2016இல் யூபிஐ வந்து, அதே ஆண்டில் இணையக் கட்டணமும் சரிந்தபின், காய்கறிக்குப் பணம் செலுத்தும் அதே விரலசைவால், அதே நான்கோ ஆறோ இலக்க எண்ணால் பந்தயத்துக்கும் பணம் போகத் தொடங்கியது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை உணரும் இழப்பு இங்கே இல்லை. செயலிக்குள் நுழைந்ததும் பணம் ‘வாலட்’ இருப்பாகிறது. அதில் ‘போனஸ்’ என்ற பெயரில் செலவழிக்க முடியாத எண்களும் கலந்து நிற்கின்றன. உள்ளே போக ஒரு தொடுகை போதும் என்றிருக்க, வெளியே எடுப்பதற்கு அடையாளச் சான்றும் காத்திருப்பும் கேட்கப்படுவது இத்தகைய செயலிகளில் பலமுறை காணப்படும் அமைப்பு. லாஸ் வேகாஸின் சூதாட்ட இயந்திரங்களை ஆராய்ந்து 2012இல் நூல் எழுதிய மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல், தீவிரமாக ஆடுவோர் பலர் வெல்வதற்காக ஆடுவதில்லை என்றும், காலமும் கவலையும் மறையும் ஒரு மயக்க நிலையில் நீடிப்பதற்காகவே ஆடுகிறார்கள் என்றும் பதிவு செய்தார். சன்னலும் கடிகாரமும் இல்லாத கூடத்தில் உருவாக்கப்பட்ட அந்த நிலை இப்போது சட்டைப்பையில் அடங்குகிறது.

பழக்கம் பரவுவதற்கு விளம்பரம் ஆற்றிய பங்கு தனியே பேசத்தக்கது. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதாலேயே, அதைப் பற்றி வேறெதுவும் தெரியாதபோதும், அதன்மேல் விருப்பம் உண்டாகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல், தமிழகம் பரிசுச் சீட்டைத் தொடங்கிய அதே ஆண்டில், பொருளற்ற சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களையும் கொண்டு நிறுவினார். 2020இல் ட்ரீம்11 நிறுவனம் ஐ.பி.எல். தொடரின் தலைப்பு உரிமையை 222 கோடி ரூபாய்க்குப் பெற்றது. 2023இல் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டை மார்பில் அதன் பெயர் ஏறியது. பணம் கட்டி அணி அமைக்கும் ஒரு செயலியின் பெயர், பள்ளிச் சிறுவர் போட்டுத் திரியும் நீலச்சட்டையில் இருந்தது என்பதே இயல்பாக்கத்தின் அளவுகோல். விளம்பரத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு வகுத்த விதிப்படி இத்தகைய விளம்பரங்களின் இறுதியில் நிதி இடரும் அடிமையாகும் இடரும் உண்டென்ற எச்சரிக்கை வந்தது; ஆனால் அதைக் கேட்போர் காதில் விழாத வேகத்தில் படிக்கும் வழக்கம் தொலைக்காட்சி பார்த்த எவருக்கும் தெரிந்தது.

திறமை என்ற சொல் இதற்குத் துணை நின்றது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் சத்தியநாராயணா வழக்கில் கூறியது. 1996இல் லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயத்துக்கும் அதையே கூறியது. சீட்டை நினைவில் வைப்பதற்குத் திறமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் திறமை உண்டா என்ற கேள்வி, ஆட்டம் எவ்வளவு வேகமாக, எந்த நேரத்தில், யார் கண்ணிலும் படாமல் ஆடப்படுகிறது என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை. இரண்டு ஆட்டக்காரருக்கும் திறமை சமமாக இருந்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துபவர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், நெடுநாள் ஆட்டத்தில் இருவருமே இழப்பர். சட்டத்தால் முழுவதும் அனுமதிக்கப்பட்ட பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ (முன்பேர, விருப்ப ஒப்பந்த) வணிகத்திலேயே, 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று ஆண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் கணக்கிட்டுச் சொன்னது.

இழந்தபின் நடப்பதற்குத் தமிழில் ஆய்வுச் சொல் தேட வேண்டியதில்லை. “விட்டதைப் பிடிப்பது” என்று ஊரே சொல்கிறது. இழப்பில் இருக்கும்போது மனிதர், ஆதாயத்தில் இருக்கும்போது ஏற்காத அபாயத்தை ஏற்கிறார்கள் என்று உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினர். கையில் உறுதியாக நிற்கும் இழப்பை ஏற்றுக்கொள்வதைவிட, முழுவதும் மீள்வதற்கான சிறு வாய்ப்புக்காக மேலும் இழக்கத் துணிவது இதன் வெளிப்பாடு. பட்டுநெசவு வீடுகளில் இத்துணிவுக்குத் தோதான நிலம் ஏற்கெனவே உண்டு. கூலி நாள்தோறும் வருவதன்று, சேலை அறுக்கும்போது மொத்தமாக வருவது. அதற்கு முன்பே முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பது பரவலான வழக்கம். அந்த முன்பணம் தீராத கடனாகிப் பிள்ளைகள் தறியில் அமர்ந்த கதையைக் காஞ்சிபுரம் 1990களில் கண்டு, கடும் முயற்சிக்குப் பின்னரே அதிலிருந்து மீண்டது. சேலை அறுத்த நாளில் மொத்தமாகக் கைக்கு வரும் தொகை, கடன், கைபேசி ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போது, விட்டதைப் பிடிக்கப் போனவர் தொடும் அடுத்த பொருள் பெரும்பாலும் மனைவியின் நகை, அல்லது அவர் மகளிர் குழுவில் வாங்கிய கடன். இழப்பை ஏற்படுத்தியவர் ஒருவர், தவணை கட்டுபவர் இன்னொருவர். இந்த அநீதி புள்ளிவிவரங்களில் தெரிவதில்லை, ஏனெனில் கடன் வேறு பெயரில் இருக்கிறது.

மருத்துவம் இதை நோயாக ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் தன் ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் சூதாட்டக் கோளாறை உந்துதல் கட்டுப்பாட்டுக் குறைகளிலிருந்து எடுத்து, மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அத்தியாயத்துக்கு மாற்றியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு இணையவழிச் சூதாட்டத்தைத் தனிப் பிரிவாகவே குறிக்கிறது. திருக்குறளில் சூது என்னும் 94ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைக்கப்பட்டிருப்பதை இங்கு நினைவுகூரலாம். லான்செட் இதழின் பொதுச் சுகாதார ஆணையம் 2024இல் உலகெங்கும் சுமார் 8 கோடிப் பேர் சூதாட்டக் கோளாற்றாலோ சிக்கலான சூதாட்டத்தாலோ பாதிக்கப்பட்டிருப்பதாக மதிப்பிட்டு, பொறுப்போடு ஆடுங்கள் என்று தனிநபரிடம் சொல்வதோடு நின்றுவிடும் கொள்கையைக் குறை கூறியது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மிக் கடனால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் 2020 முதல் நாளேடுகளில் தொடர்ந்து வந்தன. அவர்களுள் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் இருந்தனர், காவலரும் மாணவரும் இருந்தனர். இப்போது டெலிமானஸ் என்னும் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கிறது; ஆனால் குடிக்கு இருப்பதுபோல் வாயில் மணமோ நடையில் தள்ளாட்டமோ இல்லாத நோய் இது, வீட்டார் அறியும்போது பெரும்பாலும் கடன்காரர் வாசலில் நிற்கிறார்.

சட்டம் ஐந்து ஆண்டுகள் தட்டுத் தடுமாறியே வந்தது. இணையவழிப் பண ஆட்டங்களைத் தடுக்க 2020 நவம்பரில் வந்த தமிழ்நாட்டு அவசரச் சட்டத்தின் தொடர்ச்சியான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அதையொட்டி அக்டோபரில் பேரவை நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியபின் ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மிக்கும் போக்கருக்குமான தடையை மட்டும் நீக்கியது.

இவற்றுள் அறிவியல் நோக்கில் மிகவும் கருத்தில் கொள்ளத்தக்கது, தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறைகள். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டு கூடாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினால் அதன்பின் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். நாள், வாரம், மாதம் என்று செலவுக்கு வரம்பு காட்டப்பட வேண்டும். திறமையா தற்செயலா என்ற பழைய வழக்கை விட்டுவிட்டு, அழிந்துபோன இடைவெளியை ஆட்டத்துக்குள் மறுபடி பின்ன முயன்ற விதிகள் இவை. நிறுவனங்கள் இவற்றை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று தள்ளுபடி செய்தது. விதிகள் பலன் தந்தனவா என்று அளந்து பார்ப்பதற்குள், ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இணையவழிப் பண விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்ற, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. சுமார் 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு 20,000 கோடி ரூபாய்க்கு மேல் இழந்திருப்பதாக ஒன்றிய அரசு ஒரு மதிப்பீட்டைச் சொன்னது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெரிய இந்திய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. சில வாரங்களில் தொடங்கிய ஆசியக் கோப்பையில் இந்திய அணி மார்பில் விளம்பரதாரர் பெயர் இல்லாத சட்டையோடு ஆடியது.

ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகளுக்கு இவ்விதிகளும் தடையும் எளிதில் எட்டுவதில்லை. ஒரு முகவரியை முடக்கினால் இன்னொரு முகவரியில் முளைக்கின்றன. அவற்றுக்கு நள்ளிரவு 12 மணியும் இல்லை, காலை 5 மணியும் இல்லை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் அந்த ஐந்து மணி வேறொரு வேலைக்கானது. பாவை வீதி நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும் என்பதால், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து இருபுறமும் நின்று பிடிக்கிறார்கள். பாவில் எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் அதை அப்போதே கண்டு முடிய வேண்டும். மயிரினும் மெல்லிய அந்தப் பட்டிழையை விடிகாலை வெளிச்சத்தில் காண, இரவில் உறங்கி எழுந்த கண் வேண்டும்.